பளீர் வெள்ளையா, பால் வெள்ளையா, ஹாஃப் ஒயிட்டா: மதுரை வீட்டுச் சுவருக்கு எதை அடிப்பது?

உள்சுவருக்கு வெள்ளைதான் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் உண்மையான தகராறே தொடங்குகிறது. கடையில் ஷேடு கார்டை விரித்தால் வெள்ளைக்கென்றே பக்கம் பக்கமாகச் சதுரங்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, எந்த வெள்ளை என்று மட்டும் தெரியவில்லை என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. பெயிண்டரைக் கேட்டால், "எல்லாம் வெள்ளதேண்ணே, செவத்துல போட்டா ஒண்ணும் தெரியாது" என்பார். தெரியும். கார்டில் கட்டைவிரல் அகலச் சதுரத்தில் கண்ணுக்குப் படாத மஞ்சளும் நீலமும் 400 சதுர அடிச் சுவரில் நன்றாகவே தெரியும். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பும்போது அந்தச் சாயலையும் சேர்த்தே கொண்டுபோகிறது. நான்கு சுவருக்கும் ஒரே பெயிண்ட் அடித்தால் சாயல் கார்டில் பார்த்ததைவிடக் கூடித்தான் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டைப் பார்த்து வெள்ளையை முடிவு செய்யக் கூடாது. வீட்டில் இனி மாற்ற முடியாதவை எவை என்று பார்க்க வேண்டும். போட்டாயிற்று என்ற தரை, வைத்தாயிற்று என்ற ஜன்னல், எதிர்வீட்டுக்காரர் அடித்துவைத்திருக்கும் கலர் ஆகியவற்றுக்கு ஒத்துப்போகும் வெள்ளைதான் உங்கள் வெள்ளை.

## எதை வைத்து எடை போடுவது

தரை. முதல் கேள்வி இதுதான், பலரும் கேட்காமல் விடுவதும் இதைத்தான். மதுரைப் பக்கம் சமீப காலத்தில் கட்டிய நிறைய வீடுகளில் ஐவரி நிற விட்ரிஃபைடு டைல்ஸ் கிடக்கிறது. பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு அல்லது மொசைக் தரை. செட்டிநாட்டுப் பக்கம் உறவு உள்ளவர்கள் ஆத்தங்குடிக் கல் போட்டிருப்பார்கள். கோரா வேட்டியைத் தனியாகப் பார்த்தால் வெள்ளைதான், சலவை வேட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் பழுப்பாகிவிடும். ஐவரி டைல்ஸுக்குப் பக்கத்தில் பளீர் வெள்ளைச் சுவரை நிறுத்தினால் டைல்ஸுக்கும் அதே கதிதான். தினம் துடைத்தாலும் தரை அழுக்காகவே தெரியும், பழி வீட்டைத் துடைக்கிறவர் மேல் விழும். ரெட் ஆக்சைடு தரையின் சங்கதி வேறு. வெயில் அதில் பட்டு எழும்போது சுவரின் கீழ்ப்பாதிக்கு இளஞ்சிவப்பு ஏறும்.

ஜன்னலின் திசை. வடக்குப் பார்த்த அறையில் வெயிலே வராது, அங்கே நீலச் சாயலான வெளிச்சம்தான் வரும், அதனால் மஞ்சள் கலந்த வெள்ளை போடு என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது சரி. மதுரை ஏறக்குறைய 9.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவை ஒட்டிய ஏப்ரல் நடுவிலும், பிறகு ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட நாலு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், ஜூன் 21 வாக்கில் உச்சியிலிருந்து 13 பாகைக்கு மேல் விலகும். அந்த மாதங்களில் சூரியன் வடகிழக்கே உதித்து வடமேற்கே இறங்குவதால் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் சாய்வாக உள்ளே வரும். தெற்கு ஜன்னலுக்கு இதற்கு நேர்மாறு. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருப்பதால் சன்ஷேடையும் தாண்டி நடு அறை வரைக்கும் வெயில் வரும். ஆகவே இந்த ஊரில் வடக்கு, தெற்கு என்று ஒரே வரியில் விதி சொல்ல முடியாது. உங்கள் அறையில் ஆனியில் எங்கே வெயில் விழுகிறது, மார்கழியில் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் கணக்கு. மேற்கு ஜன்னல் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லலாம். வருடம் முழுக்க மூன்று மணிக்கு மேல் மஞ்சள் வெயில், ஆடிக் காற்றில் புழுதி.

எதிர்ச்சுவர். பதினைந்தடித் தெருவில் எதிர்வீடு பச்சையோ ரோஸோ அடித்திருந்தால், மதிய வெயில் அதில் பட்டு உங்கள் ஹாலுக்குள் அந்த நிறத்தைக் கொண்டுவரும். ஜன்னலோரம் வேப்பமரம் இருந்தாலும் அப்படித்தான், லேசான பச்சை வரும். பளீர் வெள்ளை இதை அப்படியே காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் மஞ்சள் கலந்தது பெருமளவு உள்வாங்கிக்கொள்ளும்.

பல்பு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப்தான், நீலம் கலந்த வெளிச்சம். 3000 கெல்வின் வார்ம் ஒயிட் மஞ்சள் வெளிச்சம். 4000 இரண்டுக்கும் நடு. வேலைக்குப் போகிற குடும்பம் சுவரைப் பார்ப்பது பெரும்பாலும் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான். அந்த வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்பதற்குப் பகல் வெளிச்சத்தைவிட மதிப்பு அதிகம்.

டச்-அப்பும் கோட்டும். ஆணி அடித்த இடம், பீரோ உரசிய இடம், பிள்ளையின் கை பட்ட இடம் என்று அடுத்த வருடமே ஒட்டுப்போட வேண்டி வரும். அப்போது அதே வெள்ளை கிடைக்குமா என்பது ஒரு செலவுக் கணக்கு. பழைய கலரை எத்தனை கோட்டில் மூடும் என்பது இன்னொன்று.

## பளீர் வெள்ளை

டின்னில் வருவதை அப்படியே அடிப்பது. பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அது ஊதாப்பக்க ஒளியைக் கொஞ்சம் விழுங்குவதால் தன்னளவில் மிக மெல்லிய மஞ்சள் கொண்டது. அதை அடக்கத் துளி நீலமோ ஊதாவோ சேர்ப்பார்கள். நம் பாட்டிமார் சுண்ணாம்புச் சட்டியில் நீலம் கலந்ததும் இதே காரணத்துக்குத்தான்.

இதன் பெரிய பலம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் அளவு. கருப்புக்கு 0, முழு வெண்மைக்கு 100 என்று வைத்து, சில கம்பெனிகள் ஷேடு விவரத்தில் இந்த எண்ணைப் போடுகின்றன. பளீர் வெள்ளைக்கு 88 என்றும், பால் வெள்ளைக்கு 82 என்றும், ஹாஃப் ஒயிட்டுக்கு 75 என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு தடவை பட்டுத் திரும்பினால் வித்தியாசம் பெரிதில்லை. மாசி வீதிகளுக்கு உள்ளே ஒட்டு ஒட்டாக நிற்கும் வளவு வீடுகளில், வாசல் வெளிச்சம் நாலு சுவர் தாண்டித்தான் அடுப்படிக்குப் போய்ச் சேரும். நாலாவது திருப்பத்தில் பளீர் வெள்ளையில் 60 பங்கு மிஞ்சும், பால் வெள்ளையில் 45, ஹாஃப் ஒயிட்டில் 32-க்குள். கிட்டத்தட்டப் பாதி. அதனால் நடை, மாடிப்படி, முற்றத்துச் சுவர், காற்றுப்போக்கிக் குழாய்போல் நிற்கும் சந்து ஆகியவற்றுக்கு இதைவிட்டால் வேறு இல்லை. முற்றத்துச் சுவருக்கு மட்டும் வெளிப்பூச்சு எமல்ஷனாக (தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்ட்) வாங்குங்கள், மழை படும். இருட்டு வீட்டில் முதலில் காசு போட வேண்டிய இடம் அந்த முற்றத்துச் சுவர்தான். பக்கத்து அறைகளுக்கெல்லாம் வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

உட்கார்ந்து இருக்கிற அறையில் கதை மாறும். ஒரே ஒரு சின்ன ஜன்னல் உள்ள அறையில் வெளிச்சம் படாத மூலைகளில் பளீர் வெள்ளை சாம்பல் பூத்துத் தெரியும். மேலே 6500 கெல்வின் டியூப்பும் எரிந்தால் ஆஸ்பத்திரி வார்டின் சாயல் வந்துவிடும். "வெள்ளையாக இருந்தால் அறை பளிச்சென்று இருக்கும்" என்று நினைத்துப் பலர் ஏமாறும் இடம் இது.

மறைமுகச் செலவு இரண்டு. பழைய சுவரில் நீலமோ பச்சையோ இருந்தால் இரண்டு கோட்டில் மூடாது. 10-க்கு 12 அறை, பத்தடி உயரம் என்றால் கதவு ஜன்னல் கழித்து 390 சதுர அடி வரும். மூன்றாவது கோட்டுக்கு அறைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கூடும், அதோடு ஆள் கூலி. பிரைமர் ஒரு கை நன்றாகப் பூசினால் இது குறையும், பிரைமரும் காசுதான். இரண்டாவது, பட்டி. பட்டி பார்த்ததில் மேடு பள்ளம் இருந்தால் பளீர் வெள்ளையில், அதுவும் ஷீன் (பளபளப்பு) உள்ள எமல்ஷனில், டியூப் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு கரண்டித் தடமும் தெரியும். இதை அடிப்பதாக இருந்தால் பட்டிக்கும் தேய்ப்புக்கும் கூடுதல் நாள் கொடுத்தே ஆக வேண்டும்.

லாபம் ஒன்று உண்டு, வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அது பெரிது. மிஷினில் கலர் கலக்காமல் டின்னோடு வருவதால் இரண்டு வருடம் கழித்து ஒரு லிட்டர் வாங்கி ஒட்டுப்போட்டாலும் கிட்டத்தட்டச் சேர்ந்துவிடும். ஆள் மாறும்போதெல்லாம் முழு வீட்டையும் அடிக்க வேண்டியதில்லை.

## பால் வெள்ளை

வெள்ளை பேஸில், அதாவது கலர் கலப்பதற்கென்று வரும் அடிப்படைப் பெயிண்டில், மஞ்சள் ஆக்சைடு சில சொட்டு. தனியாகப் பார்த்தால் யாரும் மஞ்சள் என்று சொல்ல மாட்டார்கள், வெள்ளை என்றுதான் சொல்வார்கள். ஐவரி டைல்ஸ், தேக்கு நிலை, ஒரு பக்க ஜன்னல், ராத்திரி டியூப் லைட் என்று இருக்கிற சராசரி மதுரை வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தரையும் சுவரும் சண்டை போடாது, நிழல் மூலை சாம்பலாகாது, மேற்கு வெயிலில் மூன்று மணிக்கு மேல் சுவர் இளமஞ்சளாகி அழகாக இருக்கும். 6500 கெல்வின் டியூப்பின் நீலத்தையும் இந்த மஞ்சள் ஓரளவு ஈடுகட்டும். 4000 கெல்வின் டியூப் மாட்டினால் இன்னும் நன்று. பெயிண்டை மாற்றுவதைவிட டியூப்பை மாற்றுவது மலிவு என்பதை மறக்க வேண்டாம்.

இதன் மறைமுகச் செலவு கடை மிஷினில் இருக்கிறது. பல பால் வெள்ளைகளை மிஷினில்தான் கலக்கித் தருவார்கள். ஒரு லிட்டருக்கு விட வேண்டிய மஞ்சள் அவ்வளவு சிறிய அளவு என்பதால், மிஷின் மிகச் சிறிதாகப் பிசகினாலும் வெள்ளையில் தெரிந்துவிடும். 20 லிட்டர் வாளியில் அதே பிசகு கரைந்து போகும். ஆகவே 20 லிட்டர் ஒன்று வாங்கிவிட்டுக் குறைகிற ஒரு லிட்டரைத் தனியாகக் கலக்கி வாங்கினால் அந்த ஒரு சுவர் மட்டும் வேறாக நிற்கும். மொத்தத்தையும் ஒரே நாளில் கலக்கி வாங்குங்கள். இரண்டு மூன்று வாளி என்றால் ஒரு பெரிய டிரம்மில் ஊற்றி ஒன்றாகக் கலந்து, பிறகு அடிக்கச் சொல்லுங்கள். பெயிண்டர் சலித்துக்கொண்டாலும் விடாதீர்கள்.

பொருந்தாத இடமும் உண்டு. தரையில் சாம்பல் டைல்ஸ் அல்லது தூய வெள்ளை மார்பிள், ஜன்னல் எல்லாம் பளிச்சென்ற வெள்ளை யு.பி.வி.சி. பிளாஸ்டிக் என்று இருந்தால் பால் வெள்ளை பழசாகித் தெரியும். புது வீட்டில் அது மனசுக்கு உறுத்தும்.

## ஹாஃப் ஒயிட், ஐவரி, கிரீம்

கடைக்குக் கடை பெயர் மாறும், சாரம் ஒன்று: மஞ்சளோடு துளி சிவப்போ கருப்போ சேர்ந்து வெள்ளையிலிருந்து விலகத் தொடங்கும் நிறம். இதன் பலம் பொறுமை. தாளிப்புப் புகை, சாமி அறையில் விளக்குக் கரி, ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கைத்தடம், மேலூர் பக்கச் செம்மண் புழுதி எல்லாம் மற்ற இரண்டிலும் ஆறு மாதத்தில் தெரிந்தால் இதில் மெல்லத்தான் தெரியும். கலந்திருக்கும் கலர் மூடும் திறனையும் கூட்டுவதால் பழைய சுவரில் மூன்றாவது கோட் மிச்சமாகலாம். கூட்டுக் குடும்பம், சின்னப் பிள்ளைகள், அடுப்படியிலிருந்து கதவில்லாமல் திறக்கும் ஹால் என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். ரெட் ஆக்சைடு தரைக்கும் இதுதான் உறவு. தரையிலிருந்து ஏறும் சிவப்பு இதில் கறையாகத் தெரியாது.

குறை வெளிச்சத்தில் இருக்கிறது. மேலே சொன்ன 32 பங்குக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளொடுங்கிய அறைகளில் பகலிலேயே லைட் போட வேண்டி வரும். மாதாமாதம் கரண்ட் பில்லில் கட்டுகிற செலவு அது. 6500 கெல்வின் டியூப்பின் கீழ் சில ஐவரிகள் பச்சை கலந்து மங்கும், அதைக் கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. டச்-அப் சிக்கல் பால் வெள்ளைக்குச் சொன்னதே.

## சாம்பல் சாய்ந்த வெள்ளை

இப்போது படங்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். சாம்பல் டைல்ஸ், பெரிய ஜன்னல், 3000 அல்லது 4000 கெல்வின் விளக்கு, மர நிறம் அதிகமில்லாத அறை என்று எல்லாம் சேர்ந்து அமைந்தால் அருமையாக இருக்கும். ஐவரி தரைக்கு மேல் அடித்தால் சுவர் ஊதாவாகவும் தரை மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும். சராசரி வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## சுண்ணாம்பு

இதைப் பட்டியலில் சேர்க்காமல் விட மனமில்லை. சோழவந்தான், மேலூர் பக்கத்து ஊர்களிலும் நகரத்துக்குள்ளும் சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் எமல்ஷன் அடித்தால் ஈரம் அடைபட்டுச் செதில் செதிலாக உரியும், வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த பழைய சுண்ணாம்பு அடுக்கும் சேர்ந்து வரும். முழுக்கச் சுரண்டி எடுக்கும் கூலி பெயிண்ட் விலையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் சுண்ணாம்பே அடியுங்கள். அதன் வெண்மைக்குக் குறைவில்லை. 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் தூண்களும் சுதை வேலையும் செங்கல்லின் மேல் பூசிய சுண்ணாம்புச் சாந்துதான். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிபோன்ற சுவர்ப் பூச்சும் சுண்ணாம்பு வழியே வந்தது. கையில் ஒட்டும், வருடம் ஒருமுறை கேட்கும். அதை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு மட்டும் இது.

## சேர்த்துப் பார்த்தால்

| | பளீர் வெள்ளை | பால் வெள்ளை | ஹாஃப் ஒயிட் / ஐவரி | சாம்பல் வெள்ளை |
|---|---|---|---|---|
| ஐவரி டைல்ஸ் | தரையை அழுக்காகக் காட்டும் | நன்கு சேரும் | சேரும், மொத்தமும் மஞ்சளாகலாம் | சேராது |
| சாம்பல் / வெள்ளைத் தரை | நன்கு சேரும் | பழசாகத் தெரியும் | சேராது | நன்கு சேரும் |
| ரெட் ஆக்சைடு | சிவப்பு ஏறித் தெரியும் | பரவாயில்லை | நன்கு சேரும் | சேராது |
| உள்ளொடுங்கிய நடை, படி | முதல் தேர்வு | இரண்டாவது | வேண்டாம் | வேண்டாம் |
| 6500 கெல்வின் டியூப் | குளிர்ந்து தெரியும் | தாங்கும் | பச்சை ஏறக்கூடும் | மங்கும் |
| அழுக்கு, கைத்தடம் | உடனே தெரியும் | தெரியும் | மறைக்கும் | ஓரளவு மறைக்கும் |
| பழைய கலரை மூடுவது | மூன்று கோட் ஆகலாம் | இரண்டு, சில சமயம் மூன்று | பெரும்பாலும் இரண்டு | பெரும்பாலும் இரண்டு |
| பிற்பாடு டச்-அப் | எளிது | கடினம் | கடினம் | கடினம் |

எதை எடுத்தாலும் மேல்தளத்துக்குப் பளீர் வெள்ளையே போதும். கூரைக்கு நேர் வெளிச்சம் வராது, தரையிலும் சுவரிலும் பட்டு எழுவதுதான் வரும். சுவருக்கு அடித்த ஹாஃப் ஒயிட்டையே மேலேயும் அடித்தால் கூரை இறங்கி வந்ததுபோல் இருக்கும்.

கதவு நிலைக்கு வெள்ளை எனாமல் அடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் வகை எனாமல் வெயில் படாத அறையில் நாளாக ஆக மஞ்சளாகும், எமல்ஷன் அந்த அளவுக்கு ஆகாது. இன்று சுவரும் கதவும் ஒரே வெள்ளையாக இருந்தாலும் சில வருடத்தில் பிரிந்துவிடும். தண்ணீரில் கலக்கும் எனாமல் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். இல்லையென்றால் கதவை மர நிறத்திலேயே விடுவது நல்லது.

## வாங்கும் முன் ஒரு பரிசோதனை

இரண்டு மூன்று வெள்ளையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன டின் வாங்குங்கள். பழைய கலர் சுவரிலேயே திட்டுத் திட்டாக அடித்துப் பார்ப்பதில் பயனில்லை, சுற்றியிருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றும். ஓரடிக்கு இரண்டடி அட்டையோ பிளைவுட் துண்டோ எடுத்து, பிரைமர் பூசி, இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். அட்டையின் அடிவிளிம்பு தரையைத் தொடும்படி சுவரில் சாத்திவைத்துப் பாருங்கள். காலை ஒன்பது மணி, மதியம் மூன்று மணி, ராத்திரி டியூப் வெளிச்சம் என்று மூன்று வேளையும் பாருங்கள். ஜன்னல் பக்கத்திலும் இருட்டு மூலையிலும் வையுங்கள். தரையோடு ஒத்துப்போகாதது முதல் நாளே கழிந்துவிடும். மிஞ்சிய இரண்டில் ராத்திரி எது நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

புது வீடென்றால் சிமெண்ட் பூச்சு முடிந்து 28 நாளாவது காய்ந்த பின்பே இதையெல்லாம் தொடங்க வேண்டும். போர்த் தண்ணீர் உவராக உள்ள இடங்களில் சுவரின் அடியில் உப்புப் பூக்கும், அதைச் சரிசெய்யாமல் எந்த வெள்ளை அடித்தாலும் கீழே இரண்டடி உரிந்து விழும்.

பில்லில் ஷேடு நம்பர், எந்த பேஸ், என்ன ஷீன், பேட்ச் நம்பர் எல்லாம் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து மிஞ்சிய பெயிண்டைப் பெரிய வாளியிலேயே விட்டால் காற்றுப்பட்டு ஆடை படிந்துபோகும். சின்ன டப்பாவில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடி, மேலே எந்த அறைக்கு அடித்தது என்று எழுதி, வெயில் படாத பரணில் வையுங்கள்.